ஸ்பேஸ்வார்: இளையோர் கைகளில் வளர்ந்த விளையாட்டு



கடந்த வாரம் ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன், தான் உருவாக்கிய கணினி விளையாட்டொன்றை என்னிடம் காட்டினான். செம்பனைத் தோட்டத்தில் காட்டுப்பன்றிகளிடம் சிக்காமல் ஒரு சிறுவன் ஓட வேண்டும். இரண்டு நிமிடத்தில் ஆட்டம் முடிந்துவிடும். பன்றிகள் மரங்களை ஊடுருவிப் பாய்ந்தன. புள்ளிகள் தவறாகக் கூடின. நானோ குறைகளை மட்டுமே அடுக்கினேன். அவன் முகம் வாடிவிட்டது. அன்றிரவு எனக்கு ‘ஸ்பேஸ்வார்’ விளையாட்டின் வரலாறு நினைவுக்கு வந்தது.

1961ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திற்கு பிடிபி-1 எனும் கணினி நன்கொடையாகக் கிடைத்தது. அதன் விலை ஏறத்தாழ 120,000 டாலர். அடிப்படை நினைவகமோ இன்றைய கணக்கில் ஒன்பது கிலோபைட்டு மட்டுமே! எனினும் அதற்கொரு வட்டத்திரை இருந்தது. அத்திரையின் ஆற்றலை வெளிக்காட்ட ஸ்டீவ் ரசல், மார்ட்டின் கிரேட்ஸ், வெய்ன் வீட்டானன் ஆகிய இளைஞர்கள் விண்கலப் போர் ஒன்றைக் கற்பனை செய்தனர். கோணக் கணக்கீட்டுக்கான நிரல் இல்லையெனக் கூறி ரசல் தயங்கினார். மாணவர் ஆலன் கோட்டோக் அதனைத் தேடிப் பெற்றுத் தந்தார். 1962இன் தொடக்கத்தில் விளையாட்டு இயங்கத் தொடங்கியது.

இதன் நிறை எளிமையே. இரண்டு விண்கலங்கள், ஒன்று ஊசி போன்றது, மற்றொன்று ஆப்பு போன்றது. எரிபொருளும் குண்டுகளும் அளவோடு இருந்தமையால், ஆட்டக்காரர் சிந்தித்தே சுட வேண்டியிருந்தது.

குறைகளும் இல்லாமல் இல்லை. வெறுந்திரையில் கலத்தின் வேகம் புலப்படவில்லை. ரசல் சில புள்ளிகளை வாரி இறைத்தார். அது மனநிறைவு தராததால், மாணவர் பீட்டர் சாம்சன் உண்மையான விண்மீன்களின் வரைபடத்தையே திரைக்குக் கொண்டு வந்தார். ஆட்டத்தில் சூழ்ச்சிக்கு இடம் போதாதென்று கண்ட டேன் எட்வர்ட்ஸ், நடுவில் ஒரு விண்மீனையும் அதன் ஈர்ப்பு விசையையும் சேர்த்தார். கணினியின் விசைகளை இயக்கி முழங்கை வலித்தது. கோட்டோக்கும் பாப் சாண்டர்ஸும் தனிக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளைச் செய்தனர். ஆபத்தில் சட்டென மறைந்து வேறிடத்தில் தோன்றும் வசதியைக் கிரேட்ஸ் அமைத்தார். அதனை அடிக்கடி பயன்படுத்தினால் கலமே வெடிக்கக்கூடும்!

தீராத குறைகளும் உண்டு. கணினியின் வேகம் போதாமையால் குண்டுகளை ஈர்ப்பு விசை பாதிக்கவில்லை. தனியொருவர் ஆட வழியில்லை. விலையுயர்ந்த கணினி இல்லாத இடத்தில் அன்று ஆடவும் இயலவில்லை.

ஆயினும், 1971இல் வெளிவந்த ‘கேலக்சி கேம்’, ‘கம்ப்யூட்டர் ஸ்பேஸ்’ ஆகிய காசு போட்டு ஆடும் விளையாட்டுகளுக்கு இதுவே முன்மாதிரி. பின்னதை உருவாக்கிய நோலன் புஷ்னெலும் டெட் டாப்னியும் 1972இல் அட்டாரி நிறுவனத்தைத் தோற்றுவித்தனர் என்பது குறிப்பிடத்தக்கது.

இவ்வரலாற்றில் எனக்கொரு பாடம் இருந்தது. ரசலின் படைப்பில் குறை கண்டவர்கள் அதை ஒதுக்கித் தள்ளவில்லை. ஆளுக்கொரு குறையைத் தம் பொறுப்பாக ஏற்றுத் தீர்த்தனர். நானோ குறையைச் சுட்டியதோடு நின்றுவிட்டேன்.

மறுநாள் அம்மாணவனை அழைத்தேன். “ஐயா, அத அழிச்சிடலாம்னு இருந்தேன்,” என்றான். பன்றியின் ஓட்டம் உயிரோட்டமாக இருந்ததை முதலில் பாராட்டினேன். பிறகு, புள்ளிக் கணக்கை ஒரு தோழனிடமும் மரங்களை இன்னொருவனிடமும் ஒப்படைத்தோம். அவன் பயன்படுத்திய ஸ்கிராட்ச் மென்பொருளும் 2007இல் அதே மாசசூசெட்ஸ் கழகத்திலிருந்து வெளிவந்ததே என்றபோது அவன் கண்கள் விரிந்தன.

பன்றிகள் இப்போது மரங்களைச் சுற்றியே ஓடுகின்றன. புள்ளிக் கணக்கு இன்னும் சரியாகவில்லை. ஆனால், மூவரும் இடைவேளையிலும் கணினி அறையை விட்டு நகர்வதில்லை.