அடைப்புக்குறிக்குள் ஒரு பெயர்

ரிங்லெட் பக்கம் விடியற்காலையில் மலையோடை ஓரமாக நடப்பவர்கள், யாரோ சீழ்க்கையடிப்பது போன்ற ஒலியைக் கேட்டிருக்கக்கூடும். அது மனிதர் எழுப்பும் ஒலியன்று. சீகாரப் பூங்குருவி என்னும் கருநீலப் பறவையின் குரல். மலாயாத் தீபகற்பத்தின் மலைகளில் மட்டுமே வாழும் ஓர் இனமும் இவற்றுள் உண்டு. மலாய்க் கூட்டுமாநில அருங்காட்சியகங்களின் இயக்குநராக இருந்த ராபின்சனின் பெயரை 1905இல் அதற்குச் சூட்டினர். மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் உறவுக்கு ஹார்ஸ்ஃபீல்டின் பெயர்; அது 1831இல் சூட்டப்பட்டது.

மூன்றாவது உறவு இலங்கையில் இருக்கிறது. அத்தீவின் நடுமலைக் காடுகளைத் தவிர உலகில் வேறெங்கும் அது இல்லை. அதன் வரலாறு நம் முன்னோர் வரலாற்றோடு பின்னிக் கிடப்பதால் இங்கே எழுதத் துணிந்தேன்.

மன்னார்க் கடலின் முத்துச்சிப்பிகளை ஆராய இலங்கைக்கு வந்தவர் ஹோல்ட்ஸ்வர்த். 1872இல் இலங்கைப் பறவைகளின் பட்டியலை வெளியிட்டவரும் அவரே. அதே ஆண்டில் இப்பறவையைப் புதிய இனமென விவரித்து, காப்பித் தோட்டத் துரை சாமுவேல் பிளையின் நினைவாக ‘அர்ரெங்கா பிளையி’ என்று பெயரிட்டார். சாவாத் தீவின் பறவையை வைத்திருந்த பேரினம் அர்ரெங்கா. பின்வந்த அறிஞர்கள் அப்பேரினத்தைத் தனியே வைக்கத் தேவையில்லை எனக் கருதி ‘மயோபோனஸ்’ என்பதோடு சேர்த்தனர். ‘மயோபோனஸ் பிளையி’ என்பதே இன்றைய பெயர்.

பட்டியல்களைப் பார்க்கும் ஆசிரியர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். இப்பறவையின் பெயருக்குப் பின் ‘ஹோல்ட்ஸ்வர்த், 1872’ என்பது அடைப்புக்குறிக்குள் இருக்கும். மற்ற இரண்டுக்கும் அக்குறி இராது. முதலில் வைக்கப்பட்ட பேரினத்திலிருந்து ஒரு பறவை இடம் மாறியது என்பதற்கு அக்குறியே சான்று. பேரினம் மாறலாம், இனப்பெயர் மாறாது என்பது விதி. (இதை மாணவர்களுக்கு விளக்க, வீடு மாறினாலும் ஆள் மாறுவதில்லை என்றே சொல்வேன்.) குடும்பமும் மாறிவிட்டது. நெடுங்காலம் பூங்குருவிக் குடும்பத்தில் இருந்த இவற்றை, 2010இல் வெளிவந்த மரபணு ஆய்வுகளுக்குப் பின் ஈப்பிடிப்பான் குடும்பத்தில் சேர்த்துள்ளனர்.

இத்தனை மாற்றத்திலும் துரையின் பெயர் நிலைத்துவிட்டது. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து, வழியில் காய்ச்சலுக்கும் பேதிக்கும் பலரைப் பறிகொடுத்து, அம்மலைகளில் காப்பி நட்டவர்கள் தமிழ்க் கூலிகள். 1869இல் தோன்றிய இலைநோயால் காப்பி அழிந்தபின் தேயிலையை நட்டவர்களும் அவர்களே. பறவையின் காடு அவ்வாறே குறைந்தது. இன்று அது அருகிவரும் இனம். எஞ்சிய மலைக்காட்டு ஓடைகளில் ஒதுங்கி வாழ்கிறது. அப்பறவையின் குரலைக் கேட்டுக்கொண்டே வேலைக்குப் போனவர்களின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை, அடைப்புக்குறிக்குள்கூட இல்லை.

நம் மலைக்கும் 1929இல் தேயிலை வந்தது. ஆகவே பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஓடையோரம் சீழ்க்கையடிக்கும் கருநீலப் பறவையை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஏதேனும் பெயரிட்டு அழைத்திருந்தால், அதை அவர்கள் சொன்னபடியே எனக்கு எழுதி அனுப்புங்கள்.