எண்ணெய்க்கு ஏற்ற எண்



சில ஆண்டுகளுக்கு முன்பு நிகழ்ந்தது இது. சுங்கைப் பட்டாணிக்கு அருகில் ஒரு தோட்டத்தில் வாழும் என் முன்னாள் மாணவன், ஐந்தாம் படிவம் முடித்த கையோடு, தன் மோட்டார் சைக்கிளின் எஞ்சின் தலையை ஒரு மில்லிமீட்டர் சீவிக்கொண்டான். அப்படிச் செய்தால் வண்டி சீறிப் பாயும் என்று நண்பர்கள் சொன்னார்களாம். ஒரு வாரம் சீறியது. பிறகு மேட்டில் ஏறும்போதெல்லாம் டின்னுக்குள் கூழாங்கல் உருள்வது போன்ற ஓசை எழுந்தது. மூன்றாவது வாரம், பீடோங் சாலையில், பிஸ்டன் உச்சியில் ஓட்டை விழுந்து, எஞ்சின் இறுகி, பின்சக்கரம் சுழலாமல் நின்றுவிட்டது. முழங்கையில் தோல் உரிந்ததோடு பிழைத்தான். பின்னால் லாரி வராதது அவன் பெற்றோர் செய்த புண்ணியம்.

பால்மரம் சீவிப் பிழைக்கும் அவன் தாயார் என்னிடம், "சார், இப்ப விக்கிற எண்ணெய் சரியில்லையா?" என்று கேட்டார். எனக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை. அந்த விடையைத் தேடிப் போனபோது அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

முதலில், அழுத்த விகிதம் என்றால் என்ன? பிஸ்டன் கீழ் எல்லையில் இருக்கும்போது அதற்கு மேலுள்ள மொத்தக் கொள்ளளவை, அது மேல் எல்லையை அடைந்ததும் எஞ்சும் கொள்ளளவால் வகுத்தால் வருவது. நம் தோட்டங்களில் எங்கும் காணும் பழைய ஈஎக்ஸ்5 வண்டியின் சிலிண்டர் விட்டம் 50 மில்லிமீட்டர். பிஸ்டன் ஓட்டம் 49.5 மில்லிமீட்டர். ஆகவே கொள்ளளவு 97 சிசி. அதன் விகிதம் 8.8. அப்படியானால் மேலே எஞ்சும் இடம் ஏறத்தாழ 12.5 சிசி மட்டுமே. தலையை ஒரு மில்லிமீட்டர் சீவினால் ஏறத்தாழ 2 சிசி குறையும், விகிதம் 10.3 ஆகிவிடும். மெல்லிய ஒரு சீவல், எண்ணில் எவ்வளவு பெரிய மாற்றம் பாருங்கள்!

விகிதம் உயர்ந்தால் ஆற்றல் உயரும் என்பது உண்மையே. ஆனால் பெட்ரோல் கலவையை அளவு மீறி அழுத்தினால் வெப்பம் மிகுந்து, தீப்பொறியிலிருந்து சுடர் வந்து சேரும் முன்பே, எஞ்சியுள்ள கலவை தானே வெடிக்கும். அந்தத் தட்டல்தான் கூழாங்கல் ஓசை. அது தொடர்ந்தால் பிஸ்டன் உருகும்.

இந்தத் தட்டல் உலகுக்கே பழைய தலைவலி. 1908இல் வெளிவந்த ஃபோர்டு டி மாடல் காரின் விகிதம் 4.5 அளவில்தான் இருந்தது. பின்னர் அது 4க்கும் கீழே இறக்கப்பட்டது. அத்தகைய கார்களின் டயர்களுக்காகவே கெடாவில் காடுகள் ரப்பர்த் தோட்டங்களாயின. நம் முன்னோர் கப்பலேறினர். குற்றம் எஞ்சினிலா எண்ணெயிலா என்பது அன்று எவருக்கும் தெளிவாகவில்லை.

அதைத் தெளிவாக்கியவர்களுள் முதன்மையானவர் இங்கிலாந்தின் ஹாரி ரிக்கார்டோ. ஓடிக்கொண்டிருக்கும்போதே அழுத்த விகிதத்தை மாற்றக்கூடிய சோதனை எஞ்சின் ஒன்றை அவர் 1919இல் உருவாக்கினார். ஷெல் நிறுவனம் துணைநின்றது. ஒவ்வொரு எண்ணெயும் தட்டாமல் தாங்கும் மிக உயர்ந்த விகிதத்தை அவர் அளந்தார். நமக்கு வியப்பளிக்கும் செய்தி ஒன்றும் இதில் உண்டு. நம் அண்டைத் தீவான போர்னியோவின் எண்ணெயிலிருந்து கிடைத்த பெட்ரோல், அடர்த்தி கூடுதல் என்பதால் விலைபோகாமல் காட்டிலேயே எரித்து வீணாக்கப்பட்டு வந்தது. தட்டலைத் தாங்குவதில் அதுவே சிறந்தது என்று ரிக்கார்டோ கண்டார்!

1926இல் கிரஹாம் எட்கர் ஆக்டேன் அளவுகோலை வகுத்தார். ஐசோ ஆக்டேன் 100, ஹெப்டேன் 0. இன்று நாம் காணும் ரோன் 95 என்பதன் பொருள், 95 பங்கு ஐசோ ஆக்டேனும் 5 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவையைப் போலத் தட்டலைத் தாங்கும் என்பதே. அதை அளப்பதும் விகிதத்தை மாற்றக்கூடிய சோதனை எஞ்சினில்தான். ஆக்டேன் எண் ஆற்றலின் அளவு அன்று. தாங்கும் திறனின் அளவு.

இனி, இவ்வரலாற்றின் இருண்ட பக்கம். எண்ணெய்க்கேற்ற விகிதம் என்று நில்லாமல், எண்ணெயில் நஞ்சைக் கலந்தேனும் விகிதத்தை உயர்த்த உலகம் துணிந்தது. 1921 டிசம்பரில் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லியின் குழு, ஈயச் சேர்மம் தட்டலை அடக்குவதைக் கண்டது. 1923இல் விற்பனை தொடங்கியது. மறு ஆண்டே, நியூஜெர்சி ஆலை ஒன்றில் அச்சேர்மத்தைத் தயாரித்த தொழிலாளர் ஐவர் மாண்டனர். ஆயினும் சிறிது காலம் நிறுத்தப்பட்ட விற்பனை மீண்டும் தொடங்கியது. ஈயப்புகை குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் என்பது பின்னர் உறுதியானது. மலேசியாவில் 1985ஆம் ஆண்டு விதிமுறைகள் ஈயத்தைக் குறைக்கத் தொடங்கின, லிட்டருக்கு 0.84 கிராமாக இருந்தது 1990இல் 0.15 ஆனது. உலகில் கடைசியாக 2021இல் அல்ஜீரியா ஈயப் பெட்ரோலைக் கைவிட்டது. சாலையோரப் பள்ளிகளில் நாம் படித்ததும் கற்பித்ததும் அந்தப் புகையின் நடுவேதான் என்பதை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

இப்போது அத்தாயாரின் கேள்விக்கு வருவோம். 2009 செப்டம்பரில் நம் நாட்டில் ரோன் 92க்கு மாற்றாக ரோன் 95 வந்தது. எண்ணெய் தரம் உயர்ந்ததே தவிரத் தாழவில்லை. தாங்கக்கூடியதற்கு மேல் அதனிடம் கேட்டதே பிழை. காற்றால் குளிரும் சிறிய கார்புரேட்டர் எஞ்சினுக்கு ரோன் 95இல் 9 முதல் 9.5 வரை பொதுவாக அச்சமற்ற எல்லை எனலாம். நீரால் குளிர்ந்து, எரிபொருளும் தீப்பொறியும் கணினியால் ஆளப்படும் புதிய எஞ்சின்கள் 10, 11 என்று போவதைப் பார்த்துப் பழைய வண்டியைச் சீவக்கூடாது. நண்பகல் வெயில், பின்னால் இரண்டு மூட்டை, குருண் மேடு, உள்ளே பல்லாண்டுக் கரி. இவை அனைத்தையும் எண்ணியே ஆலைகள் எண்ணைச் சற்றுத் தாழ்த்தி வைக்கின்றன. அது கோழைத்தனம் அன்று, முன்னறிவு.

அவன் பெற்ற ஆதாயம் எவ்வளவு என்றும் கணக்கிட்டேன். 8.8இலிருந்து 10.3க்கு உயர்த்தினால், கோட்பாட்டளவில்கூட 5 விழுக்காட்டுக்கும் குறைவான முன்னேற்றமே. அதற்காக ஒரு பிஸ்டன், தாயின் பாதி மாதச் சம்பளம், ஏறத்தாழ ஓர் உயிர்!

பெற்றோர்களே, பிள்ளையின் வண்டியில் கூழாங்கல் ஓசை கேட்டால் அன்றே நிறுத்தச் சொல்லுங்கள். தலையைச் சீவியிருந்தால், ரோன் 97 ஊற்றுவதும் தீப்பொறி நேரத்தைப் பின்தள்ளுவதும் தற்காலிக மருந்துதான். பழைய தலையை மாட்டுவதே தீர்வு. சீவாத வண்டிக்கு ரோன் 97 ஊற்றுவது வீண்செலவு.

ஆசிரியர்களே, ஆறாம் ஆண்டில் விகிதம் கற்பிக்கும்போது கரும்பலகையில் இந்த 12.5 சிசியையும் எழுதுங்கள். நான் எழுதுகிறேன். அம்மாணவனுக்கு நான் விகிதம் கற்பித்தபோது மாம்பழங்களையும் கோலிகளையும் மட்டுமே எடுத்துக்காட்டினேன். அவன் கைக்கு வரப்போவது எஞ்சின் என்பதை அன்று நான் நினைத்துப் பார்க்கவில்லை.