நிற்கச் சொல்லும் சொல்

பக்கவாதம் வந்த அம்மா ஒருவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். "எழுந்து நில்லுங்கம்மா" என்பேன். நடந்துகொண்டிருப்பவரிடம் "நில்லுங்க" என்றால் அந்த இடத்திலேயே நின்றுவிடுவார். எழுந்து நிற்கவும் நடையை நிறுத்தவும் நமக்கு ஒரே 'நில்'தான். இத்தனை வருஷம் பிசியோதெரபி செய்தும் இதை நான் யோசித்ததில்லை. ஸ்பானிய மொழிக்குப் போன உடல் சமநிலை அளவுகோல்களைப் பற்றிப் படித்தபோதுதான் உறைத்தது.

அந்த மொழியில் 'பாரேசே' என்று ஒரு சொல். மெக்சிகோவில் உட்கார்ந்திருப்பவரிடம் சொன்னால் எழுந்து நிற்பார். ஸ்பெயினிலோ அதற்கு 'நிறுத்துங்கள்' என்றுதான் பொருள். மாட்ரிட்காரர் அசையாமல் உட்கார்ந்திருப்பார். சோதிப்பவர் கால் வரவில்லை என்று பூஜ்யம் போட்டுவிடலாம். மூளையின் இடப்பக்கம் அடிபட்டுப் பேச்சும் போனவராக இருந்தால், புரியவில்லை என்று சொல்லக்கூட அவரால் முடியாது. எனக்கு இதுதான் பெரிய அநியாயமாகப் படுகிறது.

உடல் சமநிலைக்கு மதிப்பெண் போடுவது ரொம்பப் பழைய வழக்கமல்ல. 1975இல் ஸ்வீடனில் ஃபூகல்-மேயர் குழு வெளியிட்ட அளவுகோலில் சமநிலைக்கு 7 சோதனைகள், 14 மதிப்பெண். 1989இல் கனடாவின் கேத்தரின் பெர்க் முதியோருக்காக 14 செயல்களை வைத்தார், மொத்தம் 56. அதில் முதல் செயலே எழுந்து நிற்பது. படுக்கையில் புரளவே திணறுகிறவரின் சிறு முன்னேற்றம் அதில் தெரியாது. 1999இல் பிரான்சின் பெனைம் குழு கொண்டுவந்த 'பாஸ்' அவரையும் சேர்த்துக்கொண்டது. 12 செயல்கள், 36 மதிப்பெண். ஒருபக்கமாகப் புரண்டு படுத்தால் அதற்கும் மதிப்பெண் உண்டு. பக்கவாதக்காரருக்கு இதைவிடக் கருணையான அளவுகோல் இல்லை என்பேன்.

2015இல் பாஸ் ஸ்பானிய மொழியில் வந்தது. இப்படி மொழி மாற்ற 2000இல் டார்கஸ் பீட்டன் குழு எழுதிய முறை ஒன்று இருக்கிறது. இருவர் தனித்தனியே மொழிபெயர்ப்பார்கள். மூலத்தையே பார்க்காத வேறு இருவர் அதை மூல மொழிக்கே திருப்பி எழுதுவார்கள். நிபுணர்கள் கூடி ஒப்பிட்ட பிறகு, 30 முதல் 40 பேரிடம் சொல்லிப் பார்ப்பார்கள். ஒரு சொல்லுக்கு இவ்வளவு பாடா என்று கேட்கலாம். பெர்க் அளவுகோலில் தரையில் கிடக்கும் செருப்பைக் குனிந்து எடுக்க வேண்டும். 'சபாத்தீயா' என்றால் ஸ்பெயினில் வீட்டுச் செருப்பு. மெக்சிகோவில் பெண்கள் அணியும் குதிகால் உயர்ந்த காலணி. பாஸில் எடுக்க வேண்டியது பென்சில். 'லாபிஸ்' என்றால் இரண்டு நாட்டிலும் பென்சில்தான்.

எழுந்து நிற்பதற்கும் அப்படி ஒரு பொதுச்சொல் உண்டு: 'போங்காசே தெ பியே'. மாட்ரிட்காரரும் மெக்சிகோக்காரரும் அதைக் கேட்டால் எழுந்து நிற்பார்கள்.

நம் 'நில்'லுக்கும் இரண்டு பொருள் உண்டே. அதனால், தமிழ் வார்டுகளில் வேலை செய்யும் தோழர்களே, சோதனைக்கு முன் நோயாளியிடம் சொல்லப்போகும் வாக்கியங்களை ஒரு தாளில் எழுதிவையுங்கள். யார் சோதித்தாலும், எந்த நாளில் சோதித்தாலும், அதையே சொல்லுங்கள்.