கணினியும் பழைய தொலைக்காட்சியும்

மலேசியாவில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1963ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் தொடங்கிற்று. நெகிரி செம்பிலான் பால்மரத் தோட்டங்களுக்கு அது மெல்லவே வந்து சேர்ந்தது. ஜெனரேட்டர் ஓடும் சில மணி நேரமே விளக்கெரிந்த லயங்களில், கார் பேட்டரியைக் கொண்டு பெட்டியை இயக்கினோரும் உண்டு. 1972இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியபின் அப்பெட்டி பள்ளிக்கும் உரியதாயிற்று. கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்திற் கற்பிக்கப்படத் தொடங்கிய 2003இல் ஆசிரியர்க்கு மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. இரு கருவிகளும் ஒரு கூரையின்கீழ் வந்தும் அயலார் போல் நின்றன. காரணம் யாது?

தொடக்கத்தில் அவை அயலாரல்லர். 1982இல் வெளிவந்த கொமடோர் 64, சிங்கிளேர் ஸ்பெக்ட்ரம் என்னும் கணினிகள் வீட்டுத் தொலைக்காட்சியையே திரையாகக் கொண்டன. கணினி தன் படத்தைச் சிறு ஒளிபரப்புப் போலாக்கி ஏரியல் துளை வழியே அனுப்பிற்று. 1987இல் ஐ.பி.எம். நிறுவனம் வி.ஜி.ஏ. முறையைக் கொணர்ந்தபின் பிரிவு நிலைபெற்றது.

மலேசியா கைக்கொண்ட பழைய முறையில் ஒரு படத்துக்கு 625 கோடுகள். நொடிக்கு 25 படங்கள். ஆகவே 15,625 கோடுகள். ஒற்றைக் கோடுகள் ஒருமுறையும் இரட்டைக் கோடுகள் மறுமுறையும் வரையப்படும். வி.ஜி.ஏ. முறையோ நொடிக்கு ஏறத்தாழ 31,500 கோடுகளை வரிசையாக வரைவது. அது சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனிக் கம்பியில் அனுப்பும். தொலைக்காட்சியின் மஞ்சள் துளையோ அனைத்தையும் ஒரே கம்பியிற் கலந்து பெறும். ஆதலின், முனையை மட்டும் மாற்றும் கம்பி பயன்படாது. தொலைக்காட்சிக்கெனத் தனித் துளையுள்ள கணினிகள் நீங்கலாக, ஏனையவற்றுக்கு இடையே ஒரு மாற்றுப்பெட்டி வேண்டும். இன்றைய எச்.டி.எம்.ஐ. துளைக்கும் இதுவே விதி.

தமிழாசிரியர் கருதத்தக்கது இனி வருவது. சிறு புள்ளி ஒரு கோட்டில் மட்டும் விழுந்தால், ஒருமுறை தோன்றி மறுமுறை தோன்றாது நடுங்கும். படம் சுருக்கப்படுங்கால் மறைந்தும் போகும். மெய் புள்ளி பெறும் என்பது தொல்காப்பியர் விதி. புள்ளி போயின் 'பல்' என்பது 'பல' ஆகிவிடும். ஓலை கிழியுமென்று அஞ்சிய ஏடெழுதுவோர் புள்ளியை விட்டனர். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் போன்றோர் பொருளுணர்ந்து அதனை மீட்டனர். படிக்கத் தொடங்கும் தோட்டத்துச் சிறுவனிடம் அவ்வுழைப்பை எதிர்பார்த்தல் தகுமோ?

தீர்வு எளிது. கணினித் திரையளவை 640க்கு 480 என்றோ, 800க்கு 600 என்றோ குறைத்தல் வேண்டும். எழுத்து பெரிதாகவும் தடித்ததாகவும் இருத்தல் வேண்டும். ஒரு திரையில் ஐந்தாறு வரிகளே போதும்.

2019 அக்டோபர் 31ஆம் நாளுடன் நாட்டில் பழைய முறை ஒளிபரப்பு முழுதும் நின்றது. ஏரியலை மட்டும் நம்பிய பெட்டிகள் வாயடைத்தன. ஆயினும் மஞ்சள் துளை அடைபடவில்லை. புதிய ஒளிபரப்பை மாற்றித்தரும் பெட்டியும் அவ்வழியே நுழையலாம், கணினியும் நுழையலாம். மூலையிற் கிடக்கும் பெட்டியை எறியுமுன், அதில் ஒரு சொல்லை எழுதிப் பின்வரிசையில் நின்று நோக்குக. புள்ளி தெளிவாய்த் தெரியுமாயின், அத்திரை இன்னும் பாடஞ்சொல்லத் தக்கதே.