தொப்பி ஊசியும் மோட்டார் எஞ்சினும்

மோட்டார் வண்டியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அதனைப் படைத்தவர்களைப் பற்றியும் வேகமாக ஓட்டியவர்களைப் பற்றியுமே எழுதுகின்றனர். காப்புரிமை பெற்றவர் யார், பந்தயத்தில் வென்றவர் யார், மணிக்கு இத்தனை மைல் வேகத்தை முதலில் எட்டிய வண்டி எது என்னும் செய்திகள் அந்நூல்களில் நிரம்பிக் கிடக்கும். ஆனால் அவ்வண்டி தோன்றிய நாள்முதல் மற்றொரு வரலாறும் அதனைத் தொடர்ந்தே வந்திருக்கிறது. அது நின்றுபோன வண்டியின் வரலாறு. சாலையோரத்தில் உயிரற்றுக் கிடந்த எஞ்சினின் முன் குனிந்து, கைக்கு அகப்பட்டதைக் கொண்டு அதனை மறுபடியும் இயக்க முயன்றோரின் வரலாறு. தொடக்க காலத்தில் ஓட்டுவதும் பழுது பார்ப்பதும் இருவேறு தொழில்களாகப் பிரிந்திருக்கவில்லை. பழுது பார்க்க அறியாதவன் வீட்டைவிட்டுப் பத்து மைலுக்கு அப்பால் செல்லத் துணியமாட்டான்.

1888-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒருநாள் வைகறையில் ஜெர்மனி நாட்டு மான்ஹைம் நகரிலிருந்து மூன்று சக்கர வண்டி ஒன்று புறப்பட்டது. அதில் இருந்தவர் மூவர். பெர்த்தா பென்ஸ் என்னும் முப்பத்தொன்பது வயது மாது ஒருவர். அவர்தம் மைந்தர் ஆய்கன், ரிச்சர்டு ஆகியோர் மற்றை இருவர். மூத்தவனுக்கு வயது 15, இளையவனுக்கு 13. அவர்கள் செல்லக் கருதிய ஊர் ஃபோர்ட்ஸ்ஹைம். அது பெர்த்தாவின் பிறந்தகம். தொலைவு நூறு கிலோமீட்டருக்குச் சற்று மிகுதி. வண்டியைப் படைத்த கார்ல் பென்ஸோ வீட்டில் உறங்கிக்கொண்டிருந்தார். அவரிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. கேட்டிருந்தால் கிடைத்திராது என்று நாம் கொள்ளலாம். அதுவரையில் அவ்வண்டி ஊரை ஒட்டிய சிறு தொலைவுகளுக்கு மேல் சென்றதில்லை.

தாய்வீடு காணும் ஆசையால் மட்டும் அவர் புறப்பட்டாரா? அவ்வாறு நினைப்பதற்கு இடமில்லை. பெர்த்தாவின் தந்தை கட்டடத் தொழிலில் பொருள் ஈட்டியவர். மகளுக்கென அவர் வைத்திருந்த சீர்ப்பணத்தின் ஒரு பகுதி, திருமணத்துக்கு முன்னரே, 1871-இல், கார்லின் தொழிற்சாலைக்குள் போயிற்று. கூட்டாளி ஒருவரின் பங்கை வாங்கி அவரை விலக்குவதற்கு அப்பணம் பயன்பட்டது. 1879-ஆம் ஆண்டின் இறுதி இரவில், ஊரார் புத்தாண்டை வரவேற்கக் காத்திருந்தபோது, கணவனும் மனைவியும் பட்டறையில் நின்று தம் எஞ்சின் முதன்முறையாக ஓடக் கேட்டனர். 1886-ஆம் ஆண்டு ஜனவரி 29-ஆம் நாள் 37435 என்னும் எண்ணுள்ள காப்புரிமைக்கு விண்ணப்பம் செய்யப்பட்டது. பத்திரத்தில் பெர்த்தாவின் பெயர் இல்லை. அவருடைய பணம் இருந்தது. இரண்டரை ஆண்டு கழிந்தும் வண்டியை வாங்க மக்கள் முன்வரவில்லை. குதிரை இல்லாத வண்டியை வேடிக்கை பார்ப்பவர் பலர், நம்புகிறவர் சிலர். பதினேழு ஆண்டு உழைப்பும் ஒரு குடும்பத்தின் செல்வமும் அந்த ஐயத்தின் முன் நின்றன. நெடுவழியில் ஓடிக் காட்டினாலன்றி அந்த ஐயம் நீங்காது.

அந்த எஞ்சினின் அமைப்பை ஒருவாறு அறிந்துகொண்டால்தான் வழியில் நேர்ந்தவை விளங்கும். வண்டியின் பின்புறத்தில் ஒரே ஒரு சிலிண்டர், படுக்கை நிலையில் அமைந்திருந்தது. அதன் ஆற்றல் இரண்டு குதிரைத் திறன் அளவினது. அதனோடு இணைந்த பெரிய சக்கரத்தைக் கையால் சுழற்றித்தான் எஞ்சினை உயிர்ப்பிக்க வேண்டும். தனியே பெட்ரோல் தொட்டி கிடையாது. கார்புரேட்டரிலேயே நாலரை லிட்டர் அளவு எரிபொருள் தங்கும். பெட்ரோல் நிலையம் என்பதே உலகில் இல்லாத காலம் அது. லிக்ராயின் என்னும் எளிதில் ஆவியாகும் எண்ணெய், கறை நீக்குவதற்கென மருந்துக் கடைகளில் சிறு புட்டிகளில் விற்கப்பட்டது. அதுவே இவ்வண்டியின் எரிபொருள். எஞ்சினைச் சுற்றியிருந்த நீர் கொதித்து ஆவியாகிச் சூட்டைக் கொண்டுபோயிற்று. ஆகவே ஓட ஓட நீர் குறையும். கிணறோ ஓடையோ கண்ட இடத்தில் எல்லாம் நிறுத்தி ஊற்ற வேண்டும்.

முதலில் எரிபொருள் தீர்ந்தது. வீஸ்லோக் என்னும் சிற்றூரின் மருந்துக் கடைக்குள் பெர்த்தா நுழைந்து லிக்ராயின் வாங்கினார். உலகின் முதல் பெட்ரோல் நிலையம் என்று அந்தக் கடையை இன்று சுட்டிக் காட்டுகிறார்கள்.

பின்னர் எஞ்சின் இருமுறை அடங்கிப் போயிற்று. ஒருமுறை எரிபொருள் செல்லும் குழாயில் அடைப்பு. தூசும் கசடும் நுண்ணிய வழியில் சிக்கிக்கொண்டால், எண்ணெய் இருந்தும் எஞ்சின் பட்டினி கிடக்கும். பெர்த்தா தம் தொப்பியில் செருகியிருந்த நீண்ட ஊசியை உருவி அவ்வழியைக் குத்தித் திறந்தார். மற்றொரு முறை தீப்பொறி உண்டாக்கும் அமைப்பு பழுதுற்றது. மின்சாரம் செல்லும் கம்பியின் மேலுறை தேய்ந்து அது உலோகத்தில் பட்டுவிட்டால், பொறி உரிய இடத்தில் தோன்றாமல் மின்சாரம் வேறு வழியே போய்விடும். காலுறையை இறுக்கிப் பிடிக்கும் நாடாவைக் கழற்றி அவர் அக்குறையைச் சரி செய்தார். கார்ல் பென்ஸ் 1925-இல் வெளியிட்ட தன்வரலாற்றில் ஊசியும் நாடாவும் இடம்பெற்றுள்ளன. நிகழ்ந்து நெடுங்காலம் கழிந்தபின் எழுதிய செய்தி ஆதலால் இதில் கற்பனை சற்றே கலந்திருக்கலாம் என்று ஐயுறுவாரும் உண்டு. ஆயினும் குறைகள் இரண்டும் அக்காலத்து எஞ்சினுக்கு இயல்பானவையே. எரிபொருள் வருகிறதா, பொறி தோன்றுகிறதா என்னும் இரு வினாக்களே நின்றுபோன எஞ்சினைக் குறித்து முதலில் எழ வேண்டியவை. நூறு ஆண்டு வரையில் சாலையோரத்தில் நின்ற எல்லோரும் அந்த வரிசையிலேயே தேடினர்.

இக்கதையைச் சொல்வோர் ஊசியை வியந்து பேசுகின்றனர். ஊசி அக்காலத்தில் எல்லாப் பெண்டிரின் தொப்பியிலும் இருந்தது. எந்தக் குழாயின் எந்த வாயில் அதனைச் செலுத்துவது என்னும் அறிவே அரியது. அவ்வறிவு பட்டறையில் ஆண்டுக் கணக்கில் கணவர் அருகே நின்று பெற்றது.

சங்கிலி நீண்டு தளர்ந்தபோது புரூக்சால் ஊரின் கொல்லர் உதவினார். இறக்கங்களில் உராய்ந்து உராய்ந்து பிரேக்கின் மரக்கட்டை தேய்ந்தது. பவுஷ்லாட் என்னும் ஊரில் செருப்புத் தைப்பவர் ஒருவரைக் கொண்டு கட்டையின்மேல் தோலை வைத்து ஆணி அறைவித்தார் பெர்த்தா. ஏற்றங்களில் மைந்தர் இறங்கித் தள்ளினர். பொழுது சாய்ந்தபின் ஊர் சேர்ந்து, மான்ஹைமுக்குத் தந்தி கொடுத்தனர். சில நாள் கழித்து அதே வண்டியில் திரும்பியும் வந்தனர். ஏற்றத்தில் வண்டி திணறியதைக் கேட்ட கார்ல், மலைவழிக்கென மற்றொரு வேக அமைப்பைச் சேர்த்தார். அடுத்த மாதமே மியூனிக் நகரத்துப் பொருட்காட்சியில் அவ்வண்டிக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது.

அமெரிக்காவில் இதே போராட்டம் பதினைந்து ஆண்டு கழித்துப் பெரிய அளவில் நிகழ்ந்தது. ஹொரேஷியோ நெல்சன் ஜாக்சன் என்னும் மருத்துவர், 90 நாளுக்குள் மோட்டாரில் கண்டத்தைக் கடப்பதாக ஐம்பது டாலர் பந்தயம் கட்டி, 1903-ஆம் ஆண்டு மே 23-ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து புறப்பட்டார். அவருக்கு எஞ்சினைப் பற்றி அதிகம் தெரியாது. அதனை உணர்ந்திருந்ததே அவருடைய நல்லறிவு. சூவல் குரோக்கர் என்னும் இளைஞரைத் துணைகொண்டார். டயர்கள் கிழிந்தன. மாற்று உறுப்புகள் இரயிலில் வரும்வரையில் சிற்றூர்களில் நாட்கணக்கில் காத்துக் கிடந்தனர். சக்கரத்தின் பேரிங்குகள் நொறுங்கியபோது, உழவர் ஒருவரிடம் இரந்து, புல் அறுக்கும் எந்திரத்தின் பேரிங்குகளைக் கழற்றி வாங்கிக் குரோக்கர் அதில் பொருத்தினார். அந்த உழவர் அன்று தம் புல்லை எவ்வாறு அறுத்தார் என்று எந்த வரலாற்றாசிரியரும் எழுதவில்லை! அறுபத்து மூன்று நாளில், ஜூலை 26-ஆம் நாள், அவ்வண்டி நியூயார்க் சேர்ந்தது. பந்தயம் ஐம்பது டாலர். செலவோ எண்ணாயிரம் டாலர். வெர்மான்ட் என்று ஜாக்சன் பெயரிட்ட அவ்வண்டி ஸ்மித்சோனியன் காட்சிசாலையில் உள்ளது.

இவை வீரச் செயல்கள். வீரர் அல்லாத எளிய மக்கள் எஞ்சினோடு மல்லாடத் தொடங்கியது 1908-இல் ஹென்றி ஃபோர்டு டி மாடல் வண்டியை வெளியிட்ட பிறகே. 1927 வரையில் அவ்வகை வண்டிகள் ஒன்றரைக் கோடி செய்யப்பட்டன. வாங்கியோரில் பெரும்பாலோர் உழவர். அருகில் பட்டறை இல்லாதவர். இருந்தாலும் பணம் கொடுக்க மனமில்லாதவர். கலப்பையையும் நீர் இறைக்கும் எந்திரத்தையும் தாமே சீர் செய்து பழகிய கைகள் இப்போது மோட்டார் எஞ்சினைத் திறந்தன.

அதனை ஓடச் செய்வதே ஒரு கலை. முன்புறத்துக் கைப்பிடியைச் சுழற்றுமுன், சுக்கானின் கீழுள்ள சிறு நெம்புகோலை நகர்த்தித் தீப்பொறி தாமதமாகத் தோன்றுமாறு செய்ய வேண்டும். மறந்துவிட்டால், பிஸ்டன் மேலே வந்து சேருமுன்னரே பொறி பற்றும்; எஞ்சின் எதிர்ப்புறமாக உதைக்கும்; கைப்பிடி திரும்பி வந்து மணிக்கட்டை முறிக்கும். ஆதலின் கட்டை விரலை வளைத்துப் பிடிக்கலாகாது என்று அறிந்தோர் எச்சரித்தனர். மருத்துவர்கள் அடிக்கடி கண்ட எலும்பு முறிவுகளில் இதுவும் ஒன்றாயிற்று. சார்லஸ் கெட்டரிங் அமைத்த மின்சாரத் தொடக்கி 1912-இல் காடிலாக் வண்டிகளில் வந்தது. ஃபோர்டு வாங்கிய உழவருக்கு அது எட்ட இன்னும் ஏழாண்டு ஆயிற்று.

ஃபோர்டு நிறுவனம் வாங்குவோருக்குக் கொடுத்த கையேடு வினா விடை வடிவில் அமைந்தது. எஞ்சினுக்குள் கேட்கும் தட்டொலி எதனால் என்று ஒரு வினா எழும். கரி படிந்ததால் எழும் ஒலி, சுழல்தண்டின் பேரிங் தேய்ந்ததால் எழும் ஒலி என்று வகைப்படுத்தி விடை தரும். நோயாளியின் நெஞ்சில் காது வைத்துக் கேட்கும் மருத்துவ முறை போன்றதே இது. நான்கு சிலிண்டரில் எது உறங்குகிறது என்று அறியவும் அதில் எளிய வழி உண்டு. ஒவ்வொரு சிலிண்டருக்கும் உரிய மின்சுருள் ஒரு பெட்டியில் இருந்து வண்டுபோல் ஒலித்துக்கொண்டிருக்கும். இரண்டிரண்டாக அவற்றின் அதிர்தகட்டை விரலால் அழுத்தி, எஞ்சினின் ஓட்டம் மாறுகிறதா என்று கேட்டால் குற்றவாளி அகப்பட்டுவிடும். கருவி வேண்டா, செவியும் பொறுமையும் போதும். பொறுமைதான் பலருக்குக் குறைவு. கழற்றிய எந்திரத்தைப் பூட்டி முடித்தபின் இரண்டு திருகாணிகள் மிஞ்சிய துயரம் எல்லா நாட்டாருக்கும் பொது.

நம் கோவை நாட்டிலும் இவ்வழியே கல்வி பெற்றவர் ஒருவர் உண்டு. 1893-இல் கலங்கல் என்னும் ஊரில் பிறந்த ஜி. டி. நாயுடு பள்ளிப் படிப்பில் நாட்டம் கொள்ளாதவர். ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கி, உணவு விடுதியில் வேலை செய்து பணம் சேர்த்து, அதனை விலைக்கு வாங்கினார். வாங்கியவர் முதலில் அதனை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றினார், பின்னர்ப் பூட்டினார். அதுவே அவருடைய பொறியியற் கல்லூரி. 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அவர் தொடங்கிய பஸ், நாளடைவில் பெரும் போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது.

இக்கல்வி நூற்றாண்டின் பிற்பகுதியில் மெல்ல மெல்லக் கடினமாயிற்று. கார்புரேட்டர் மறைந்து, எரிபொருளை அளந்து பீச்சும் கருவிகள் வந்தன. பொறி தோன்றும் நேரத்தை நெம்புகோலுக்கு மாறாகக் கணிப்பொறி தீர்மானித்தது. புகையின் நச்சுக் குறைந்தது. எஞ்சின் வழியில் நிற்பதும் அரிதாயிற்று. இந்நன்மைகளை மறுப்பது நேர்மையன்று. 1996 முதல் அமெரிக்காவில் விற்கும் எல்லாப் புதிய கார்களிலும், எஞ்சின் தன் நோயைத் தானே குறியீட்டு எண்ணால் சொல்லும் பொதுவான அமைப்பு கட்டாயமாக்கப்பட்டது. ஆனால் அதற்கு மேற்பட்ட நுட்பங்களைப் படிக்கும் வழி உற்பத்தியாளர் கையிலும் அவர்தம் முகவர் கையிலுமே இருந்தது. பணம் கொடுத்து வாங்கியவன் வண்டியின் சொந்தக்காரன். அதன் உள்ளத்தை அறியும் உரிமை வேறொருவனுடையது.

இவ்வழக்கு 2012-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வாக்குப் பெட்டிக்குச் சென்றது. முகவர்களுக்குத் தரும் பழுது பார்க்கும் விவரங்களை வண்டிச் சொந்தக்காரருக்கும் தனிப் பட்டறைகளுக்கும் நியாயமான விலையில் தரவேண்டும் என்னும் முறையீட்டுக்கு வாக்காளரில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டோர் இசைந்தனர். பின்னர் கார்கள் தம் செய்திகளைக் கம்பியில்லா முறையில் உற்பத்தியாளருக்கே நேராக அனுப்பத் தொடங்கின. 2020-இல் அம்மாநில மக்கள் மறுபடியும் வாக்களித்து அச்செய்திகளையும் சட்டத்திற்குள் கொண்டுவந்தனர். அதனை எதிர்த்து உற்பத்தியாளர் சங்கம் நீதிமன்றம் சென்றது.