பயணப் பெட்டியும் மடிக் குழந்தையும்: குடும்ப விமானப் பயணத்தின் வரலாறு

சிறு குழந்தைகளுடன் விமானத்தில் செல்லும் குடும்பத்தின் முன் எப்போதும் இரண்டு கேள்விகள் உள்ளன. எந்தப் பொருளை எந்தப் பெட்டியில் எடுத்துச் செல்வது என்பது ஒன்று. குழந்தையை எங்கே உட்கார வைப்பது என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குக் கடந்த நூறு ஆண்டுகளில் புதிய விடைகள் பல கிடைத்தன. பெட்டிக்குச் சக்கரம் வந்தது; குழந்தையின் தள்ளுவண்டி குடைபோல மடங்கியது. இரண்டாம் கேள்விக்கோ பெரும்பாலான நாடுகளில் பழைய விடையே நீடிக்கிறது: இரண்டு வயது நிறையும்வரை பெற்றோரின் மடி.

கப்பல் பெட்டியிலிருந்து கைப்பெட்டிக்கு

19ஆம் நூற்றாண்டில் நெடும்பயணம் என்பது கப்பலும் ரயிலும்தான். அக்காலப் பெட்டிகள் மரத்தால் செய்யப்பட்டு, மழைநீர் வழிந்தோடுவதற்காக வளைந்த மூடியுடன் இருந்தன. பாரிசில் பெட்டி செய்து விற்ற லூயி வுய்ட்டோன் 1858இல் தட்டையான மூடியும் துணி உறையும் கொண்ட எடை குறைந்த பெட்டியை அறிமுகப்படுத்தினார். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க முடிந்ததால் அவ்வடிவம் விரைவில் பரவியது. ஆயினும் பெட்டியைத் தூக்குவது சுமைகூலியின் வேலையாகவே இருந்தது. எனவே, பெட்டி எவ்வளவு கனம் என்பது பயணிக்குப் பெரிய கவலையாக இருக்கவில்லை.

விமானம் இந்நிலையை மாற்றியது. தொடக்ககால விமானங்களில் பெட்டியுடன் பயணியையும் எடைபோட்டே ஏற்றினார்கள். பின்னர் சர்வதேசப் பயணங்களில் முதல் வகுப்புக்கு 30 கிலோ, சிக்கன வகுப்புக்கு 20 கிலோ என்ற வரம்பு நெடுங்காலம் வழக்கில் இருந்தது. கனத்த தோல் பெட்டியைத் தேர்ந்தெடுத்தால், அனுமதித்த எடையில் கணிசமான பங்கைக் காலிப்பெட்டியே தின்றுவிடும். அதனால் இழைப்பலகை, அலுமினியம், பிளாஸ்டிக், நைலான் எனப் பெட்டிகள் படிப்படியாக எடை குறைந்தன.

கைக்குழந்தைக்கு இந்தக் கணக்கில் தனி இடம் இருக்கவில்லை. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குச் சர்வதேசப் பயணத்தில் பெரியவரின் கட்டணத்தில் பத்து விழுக்காடு வாங்குவது வழக்கமாயிற்று. அந்தச் சீட்டுக்கு இருக்கை கிடையாது. பல நிறுவனங்களில் தனி எடை அனுமதியும் கிடையாது. ஆனால் குடும்பத்தின் சுமையில் பெரும்பங்கு குழந்தைக்குரியதுதான். துணி அணையாடைகள், கண்ணாடிப் பால்புட்டிகள், பால்மாவு டப்பாக்கள் எல்லாம் பெற்றோரின் 20 கிலோவுக்குள் அடங்க வேண்டும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் டயப்பர்கள் 1961இல் அமெரிக்காவில் பாம்பர்ஸ் என்ற பெயரில் வந்து, பிற்பாடு உலகெங்கும் பரவின. ஈரத்துணி மூட்டையைச் சுமக்கும் தொல்லை அதன்பிறகே குறைந்தது.

செவிலியரும் தொட்டிலும்

1930 மே 15 அன்று எல்லன் சர்ச் என்ற செவிலியர் போயிங் ஏர் டிரான்ஸ்போர்ட் நிறுவனத்தின் விமானத்தில் உலகின் முதல் விமானப் பணிப்பெண்ணாகப் பறந்தார். அவரைத் தொடர்ந்து அந்நிறுவனத்தில் சேர்ந்த முதல் பணிப்பெண்களும் பயிற்சி பெற்ற செவிலியர்களே. பறக்க அஞ்சியவர்களுக்கு அவர்கள் இருந்ததே தைரியம் அளித்தது. குழந்தையுடன் வரும் தாய்க்கும் ஒரு துணை கிடைத்தது.

அக்கால விமானங்களின் உட்பகுதி காற்றழுத்தம் சீராக்கப்படாதது. மேலேறும்போதும் இறங்கும்போதும் காது வலிக்கும். பெரியவர்களுக்குச் சூயிங்கம் கொடுத்தார்கள். மெல்லத் தெரியாத குழந்தைக்குப் பாலே மருந்து. பாலை விழுங்கும்போது தொண்டையையும் நடுச்செவியையும் இணைக்கும் குழல் திறந்து அழுத்தம் சமமாகிறது. காற்றழுத்தம் சீராக்கப்பட்ட போயிங் 307 விமானம் 1940இல் பயணிகள் சேவைக்கு வந்தது. ஆயினும் விமானம் இறங்கத் தொடங்கும்போது குழந்தைக்குப் பால் கொடுக்கச் சொல்லும் அறிவுரை இன்றும் பொருந்துகிறது.

1950களில் பிரிட்டனின் பி.ஓ.ஏ.சி. உள்ளிட்ட நிறுவனங்கள் நீண்டதூர விமானங்களில் குழந்தைத் தொட்டில்களை அமைத்தன. இன்றும் தடுப்புச் சுவரில் பொருத்தும் தொட்டில்கள் கிடைக்கின்றன. ஆனால் விமானம் எழும்பும்போதும் இறங்கும்போதும், காற்றுக் கொந்தளிப்பின்போதும் குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆபத்து மிகுந்த அந்த நேரங்களில் குழந்தைக்குப் பெற்றோரின் கைகள்தான் பாதுகாப்பு.

மடங்கும் வண்டியும் உருளும் பெட்டியும்

குடும்பப் பயணத்தை எளிதாக்கிய இரண்டு கண்டுபிடிப்புகள் ஏறத்தாழ ஒரே காலத்தில் தோன்றின. ஓவன் மெக்லாரன் பிரிட்டனைச் சேர்ந்த விமானப் பொறியாளர். ஸ்பிட்ஃபயர் போர்விமானத்தின் தரையிறங்கு சக்கர அமைப்பில் பணியாற்றியவர். தம் பேரக்குழந்தையின் தள்ளுவண்டி கனமாகவும் கையாளக் கடினமாகவும் இருப்பதைக் கண்ட அவர், குடைபோல மடங்கும் அலுமினிய வண்டியை 1965இல் வடிவமைத்தார். அதன் எடை மூன்று கிலோவுக்கும் குறைவு. விமானத்துக்காகக் கற்ற எடைச் சிக்கனம் குழந்தையின் வண்டிக்குப் பயன்பட்டது.

அமெரிக்கப் பெட்டி நிறுவனம் ஒன்றின் துணைத்தலைவர் பெர்னார்ட் சேடோ 1970இல் அருபா தீவிலிருந்து குடும்பத்துடன் விடுமுறை முடித்துத் திரும்பினார். இரண்டு கனத்த பெட்டிகளுடன் விமான நிலையத்தில் நின்றபோது, தொழிலாளி ஒருவர் பெரிய இயந்திரத்தைச் சக்கரப் பலகையில் எளிதாகத் தள்ளிச் செல்வதைக் கண்டார். ஊர் திரும்பியதும் பெட்டியின் அடியில் நான்கு சக்கரங்களைப் பொருத்தி, வாரால் இழுத்துப் பார்த்தார். பல கடைகள் முதலில் அதை விற்க மறுத்தன. பெட்டியைத் தூக்கிச் செல்வதே ஆண்மைக்கு அழகு என்ற எண்ணம் ஒரு தடையாக இருந்ததாகச் சேடோ பிற்காலத்தில் கூறினார். 1972இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. 1987இல் விமானி ராபர்ட் பிளாத் பெட்டியை நிமிர்த்தி, இரண்டு சக்கரமும் நீளும் கைப்பிடியும் வைத்தார். ஒரு கையால் பெட்டியை இழுத்து, மறு கையால் குழந்தையைப் பிடித்துக்கொள்வது இதனால் எளிதானது.

சூ சிட்டி விபத்து

1989 ஜூலை 19 அன்று டென்வரிலிருந்து சிகாகோவுக்குப் புறப்பட்ட யுனைடெட் 232 விமானத்தின் வால்பகுதி இயந்திரம் நடுவானில் சிதறியது. சிதறிய துண்டுகள் விமானத்தைத் திருப்ப உதவும் மூன்று நீரியல் அமைப்புகளையும் செயலிழக்கச் செய்தன. விமானிகள் மற்ற இரண்டு இயந்திரங்களின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் அதை அயோவா மாநிலத்தின் சூ சிட்டி ஓடுபாதைவரை கொண்டுவந்தனர். இறங்கும்போது விமானம் உடைந்து தீப்பற்றியது. 296 பேரில் 112 பேர் இறந்தனர்.

அவ்விமானத்தில் நான்கு மடிக் குழந்தைகள் இருந்தனர். அன்றைய விதிமுறைப்படி, குழந்தைகளைத் தரையில் கிடத்தித் தலையணை, போர்வைகளை அண்டக்கொடுத்துப் பிடித்துக்கொள்ளுமாறு தலைமைப் பணிப்பெண் ஜேன் பிரவுன் பெற்றோருக்கு அறிவித்தார். மோதிய வேகத்தில் குழந்தைகளைப் பிடித்திருக்க இயலவில்லை. ஒரு குழந்தை இறந்தது. உயிர்தப்பி வெளியே வந்த அதன் தாய், குழந்தையைத் தேடி எரியும் விமானத்துக்குள் திரும்பச் செல்ல முயன்றார்; ஜேன் பிரவுன் அவரைத் தடுத்தார். பின்னர் பல ஆண்டுகள், ஒவ்வொரு குழந்தைக்கும் தனி இருக்கையும் பட்டையும் வேண்டும் என்று அவர் வாதாடினார்.

அவரது வாதத்தின் அடிப்படை எளியது. விமானம் புறப்படும்முன் பெட்டிகளை மேல்தட்டிலோ இருக்கையின் அடியிலோ வைத்தாக வேண்டும். காப்பிக் குவளைகூட அலமாரியில் பூட்டப்படுகிறது. குழந்தையை மட்டும் கையில் பிடித்திருக்கலாம். ஆனால் வேகம் திடீரெனக் குறைந்து விசை ஒன்பது மடங்கானால், 10 கிலோ குழந்தையைப் பிடிக்க 90 கிலோவைத் தாங்கும் வலிமை வேண்டும். அது எந்தத் தாயாலும் தந்தையாலும் இயலாதது.

இருக்கையா, சாலையா

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 1990இல் இக்கோரிக்கையை ஏற்றுப் பரிந்துரைத்தது. விதி இயற்றும் அதிகாரமுள்ள மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகம் அதை ஏற்கவில்லை. பெற்றோர் விரும்பிச் சீட்டு வாங்கினால், அங்கீகரிக்கப்பட்ட குழந்தை இருக்கையை விமான நிறுவனங்கள் அனுமதிக்க வேண்டும் என்று மட்டும் 1992இல் விதித்தது. தனிச்சீட்டைக் கட்டாயமாக்கினால் செலவுக்கு அஞ்சிச் சில குடும்பங்கள் காரில் செல்லும். சாலை விமானத்தைவிட ஆபத்தானது. ஆகவே காப்பாற்றப்படும் உயிர்களைவிட இழக்கும் உயிர்கள் மிகும் என்பது நிர்வாகத்தின் கணக்கு. 2005இலும் அம்முடிவே உறுதிசெய்யப்பட்டது.

இது புறந்தள்ளத்தக்க வாதமன்று. ஆனால் கடல் கடந்து செல்லும் குடும்பத்துக்குச் சாலை என்ற மாற்றே இல்லை. ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் பெற்றோரின் பட்டையுடன் கோக்கும் சிறுபட்டை கைக்குழந்தைக்குத் தரப்படுகிறது. மோதலின்போது அது குழந்தையின் வயிற்றை நெரிக்கக்கூடும் என்பதால் அமெரிக்காவில் அதற்கு அனுமதியில்லை. 2024 ஜனவரி 5 அன்று அலாஸ்கா ஏர்லைன்ஸ் விமானத்தின் பக்கவாட்டுப் பலகை நடுவானில் பிய்ந்து விழுந்தபோது, அதில் மூன்று மடிக் குழந்தைகள் இருந்தனர். எவரும் இறக்கவில்லை, ஆனால் பழைய விவாதம் மீண்டும் எழுந்தது.

2006ஆம் ஆண்டின் மாற்றங்கள்

2006 ஆகஸ்ட் 10 அன்று, திரவ வெடிபொருளால் விமானங்களைத் தகர்க்கும் சதியொன்றைப் பிரிட்டன் அறிவித்தது. உடனே விமானத்துக்குள் திரவம் கொண்டுசெல்லத் தடை வந்தது. குழந்தைப் பாலுக்கு விலக்கு இருந்தாலும், ஒவ்வொரு புட்டியிலிருந்தும் சோதனையாளர் முன்னிலையில் பெற்றோர் சுவைத்துக் காட்ட வேண்டியிருந்தது. அதே ஆண்டு நவம்பரில் ஐரோப்பா 100 மில்லிலிட்டர் வரம்பை விதித்தது. பயணத்துக்குத் தேவையான குழந்தை உணவுக்கு விலக்கு தொடர்ந்தது.

அவ்வாண்டிலேயே லூயிஸ் ஸ்டோல் உருவாக்கிய கேர்ஸ் என்ற தோள்பட்டை வார் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. தம் பேத்திக்காக அவர் வடிவமைத்த இது ஒரு கிலோவுக்கும் குறைந்த எடை கொண்டது. தனி இருக்கையில் அமரும் 10 முதல் 20 கிலோ எடையுள்ள குழந்தைக்குப் பொருந்தும். கார் இருக்கையைச் சுமந்து செல்லும் வேலையை அது மிச்சமாக்கியது.

பயண ஏற்பாட்டில் வரலாற்றின் பயன்

இன்று பெட்டி வாங்கும் பெற்றோர் முதலில் காலிப்பெட்டியின் எடையையும், ஒரு கையால் இழுக்க முடிகிறதா என்பதையும் பார்ப்பது நல்லது. பாலும் டயப்பரும் மாற்றுடையும் மருந்தும் கைப்பையிலேயே இருக்க வேண்டும். சரக்கறைக்குப் போன பெட்டி பயணம் முடியும்வரை கைக்கு வராது. பால்புட்டிகளைப் பையின் மேற்பகுதியில் வைத்தால் சோதனையில் எளிதாக எடுத்துக் காட்டலாம். மடக்கு வண்டியைப் பெரும்பாலான நிறுவனங்கள் கட்டணமின்றி ஏற்கின்றன; அதை விமான வாயில்வரை கொண்டுசெல்லலாமா என்று முன்கூட்டியே கேட்டறிய வேண்டும்.

இவற்றைவிடப் பெரிய முடிவு குழந்தையின் இருக்கை பற்றியது. வசதியுள்ள குடும்பம் தனிச்சீட்டும், விமானத்துக்கு ஏற்றதென்று முத்திரையிட்ட குழந்தை இருக்கையும் ஏற்பாடு செய்வதே பாதுகாப்பானது என்பது வல்லுநர்களின் பரிந்துரை. வசதியில்லாத குடும்பத்துக்கு மடியே கதி. அந்த வேறுபாட்டை நீக்க வேண்டியது பெற்றோரா, விமான நிறுவனங்களா, அரசுகளா என்ற கேள்வி சூ சிட்டி விபத்துக்குப் பின்னும் தீரவில்லை.