லஸ் முனையிலிருந்து ராயபுரம் வரை

சென்னைவாசிகளில் பெரும்பாலோர் தங்களை அறியாமலே தினமும் ஒரு தடவையாவது போர்ச்சுகீசிய மொழி பேசுகிறார்கள் என்று நான் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். பஸ்ஸில் ஏறி, "ஒரு லஸ்" என்று டிக்கெட் கேட்கிறீர்களே, அந்த 'லஸ்' என்ன பாஷை? தமிழும் அல்ல, இங்கிலீஷும் அல்ல. போர்ச்சுகீசியத்தில் வெளிச்சம் என்று அர்த்தம். பூக்காரிகளும், சங்கீத சபைக்கு அவசரமாகப் போகும் பட்டுப்புடவைகளும், வெள்ளிப் பாத்திரக் கடைகளும் நிறைந்த அந்த முனைக்கு அப்படி ஒரு பெயர் வாய்த்ததற்குக் காரணம், சற்றுத் தள்ளி மேற்கே ஒதுங்கி நிற்கிற ஒரு சின்ன மாதா கோயில். தமிழில் பிரகாச மாதா கோயில் என்பார்கள். இன்னும் பழைய ஆட்களைக் கேட்டால் 'காட்டுக் கோயில்' என்பார்கள். லஸ்ஸில் காடு இருந்தது என்பதை நம்புவதற்கு இன்று நிரம்பத் தெய்வ பக்தி வேண்டும்.

கதை எழுதுகிறவனுக்குத் தெருப் பெயர், பேட்டைப் பெயர் என்றால் ஒரு சபலம். கற்பனைக் குடும்பத்தைக் குடிவைக்கிற இடமானாலும், அந்த இடத்தின் பூர்வோத்தரம் தெரிந்தால்தான் எனக்குப் பேனா ஓடும். அதனால் சில வருஷங்களாக ஒரு வழக்கம் வைத்துக்கொண்டிருக்கிறேன். எந்தப் பேட்டைக்குப் போனாலும் அங்கே உள்ள கத்தோலிக்கப் பங்குக் கோயிலுக்குள் ஐந்து நிமிஷமாவது நுழைந்து பார்ப்பேன். நான் அந்த மதத்தைச் சேர்ந்தவன் அல்ல. மெழுகுவர்த்தி விற்கும் அம்மாள்களுக்கும் அது தெரியும். இருந்தாலும் ஒருவரும் என்னைத் தடுத்ததில்லை. நம்முடைய கோயில் கல்வெட்டுகளில் ராஜா நிலம் கொடுத்த கதை இருக்கும். மாதா கோயில் தரையில் பதித்த கல்லிலோ யாரோ ஒரு வியாபாரி, அவனுடைய தாயார், இருபது வயதில் காய்ச்சலில் போன ஒரு சிப்பாயின் மனைவி, இவர்கள் பெயர் இருக்கும். ராஜாவைக் காட்டிலும் இவர்கள்தாம் எனக்கு உதவுகிறவர்கள்.

பிரகாச மாதா கோயிலில் உள்ள கல் 1516 என்று சொல்கிறது. அதை அப்படியே ஏற்றுக்கொண்டால் கோட்டை கட்டுவதற்கு இங்கிலீஷ்காரர்கள் இந்தக் கரையில் இடம் வாங்கியதற்கு நூற்றிருபது வருஷங்களுக்கு மேல் முந்தியது. போர்ச்சுகீசியர் மயிலாப்பூருக்கு வந்ததே 1517-க்கு முந்தி அல்ல என்று சொல்லி, இந்த ஆண்டைச் சில சரித்திர ஆசிரியர்கள் ஒப்புவதில்லை. அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. ஐம்பது வருஷம் தள்ளிப் போட்டாலும் சென்னையின் மிகப் பழைய கட்டடங்களில் ஒன்று என்ற பெருமை அதற்குக் குறையாது. கோயில் பிறந்த கதை எல்லோருக்கும் தெரிந்தது: நடுக்கடலில் திசை தெரியாமல் தவித்த மாலுமிகளுக்குக் கரையில் ஒரு வெளிச்சம் தென்பட்டதாம், அதைப் பின்பற்றிக் கரை ஏறிக் காட்டுக்குள் நடந்தார்களாம், இந்த இடத்துக்கு வந்ததும் வெளிச்சம் மறைந்துவிட்டதாம். தடித்த சுவர்களும் வளைந்த கூரையுமாக உள்ளே குளுகுளுவென்று இருக்கிறது. சுற்றிலும் பிற்காலத்தில் வக்கீல்கள் பங்களா கட்டினார்கள். அந்தப் பங்களாக்களை அவர்களுடைய பேரன்கள் அடுக்கு வீடுகளாக்கி விற்றார்கள். கோயில் மட்டும் பழைய உயரத்திலேயே நிற்கிறது.

அங்கிருந்து கிழக்கே கடலை நோக்கி நடந்தால் சாந்தோம். அப்போஸ்தலரான தோமையாரின் சமாதி இங்கே இருப்பதாக நம்பிக்கை. மார்க்கோ போலோ பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியிலேயே அந்தச் சமாதியைப் பற்றி எழுதிவைத்திருக்கிறான். 1523-ல் போர்ச்சுகீசியர் அதைத் தோண்டிப் பார்த்து, அதன்மேல் கோயில் எழுப்பினார்கள். பிறகு அவர்களுடைய கோட்டையும் வந்தது, ஊரும் வந்தது. 1606-ல் ஒரு மேற்றிராணியாரும் வந்தார். இன்று நாம் பார்க்கிற வெண்ணிறக் கோபுரம் பிற்காலத்தது. பழைய கோயிலை எடுத்துவிட்டு 1893-ல் தொடங்கி 1896-ல் கட்டி முடித்தது. ஊசி மாதிரி உயர்ந்திருக்கும் அந்தக் கோபுரம் எனக்கு அழகாகத்தான் படுகிறது. ஆனால் பழைய கோயிலை இடித்த அன்று நான் அங்கே இருந்திருந்தால் வயிறு எரிந்திருக்கும்.

சாந்தோமில் வெகு நேரம் நின்றது கோபுரத்தின் கீழே அல்ல. அதன் வளாகத்தில் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் தமிழ்க் கல்வெட்டுத் துண்டுகளின் எதிரில். சோழர் காலத்து எழுத்து. பழைய சிவன் கோயிலைச் சேர்ந்த கற்கள். மயிலைக் கோயில் கடற்கரையில் இருந்ததாக அருணகிரிநாதர் பாடியிருக்கிறார். இப்போதுள்ள கபாலீசுவரர் கோயிலோ கடலிலிருந்து உள்ளே தள்ளி, சில நூற்றாண்டுகளுக்கு முன் கட்டியது. பழைய கோயிலைக் கடல் கொண்டது என்பார் ஒரு சாரார். பறங்கியர் இடித்தார்கள் என்பார் மறு சாரார். இரண்டு கட்சியும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருக்கும் வேளையில், கல் மாதா கோயிலின் காவலில் பத்திரமாக இருக்கிறது. ஒரு தெய்வத்துக்கு விளக்கெரிக்க எழுதிக்கொடுத்ததை இன்னொரு தெய்வத்தின் வீட்டில் வைத்துக் காப்பாற்றும்படி ஆகிவிட்டது. மயிலாப்பூரின் சரித்திரத்தைப் பிரித்து இரண்டு வீட்டாரும் ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டு போக முடியாது என்பதற்கு அந்தத் துண்டுகளைக் காட்டிலும் நல்ல சாட்சி இல்லை.

சாந்தோம் ஊர் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் அல்ல. 1662-ல் கோல்கொண்டாப் படை பிடித்தது. 1672-ல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள். இரண்டு வருஷ முற்றுகையில் பட்டினி கிடந்து 1674-ல் விட்டுப் போனார்கள். அப்படிப் போனவர்களில் பிரான்சுவா மார்த்தேன் ஒருவர். அவர்தாம் புதுச்சேரியை வளர்த்து ஆளாக்கியவர். சாந்தோம் கையில் நின்றிருந்தால் பிரெஞ்சுக்காரர்களுக்குப் புதுச்சேரி தேவைப்பட்டிருக்குமோ என்னவோ!

அதே வட்டாரத்தில் லாசரு கோயில் என்று ஒன்று உண்டு. 1927-ல் அந்தக் கோயிலைப் புதிதாகக் கட்ட மண் வெட்டியபோது ஒரு கல்லறைக் கல் கிடைத்தது. மானுவேல் மத்ரா என்பவனும் அவன் தாயாரும் அங்கே அடங்கியிருக்கிறார்கள், தங்கள் சொந்தச் செலவில் அந்தக் கோயிலைக் கட்டினார்கள் என்று அது சொல்லிற்று. ஆண்டு 1637. பிரான்சிஸ் டே மதராசப்பட்டினத்தில் இடம் வாங்கியது 1639. 'மெட்ராஸ்' என்ற பெயரே இந்த மத்ராக் குடும்பத்திலிருந்து வந்ததுதான் என்று ஒரு கட்சி உடனே கிளம்பிவிட்டது. மதரஸாவிலிருந்து வந்தது, மாதரசன் என்ற தலைவனிடமிருந்து வந்தது என்று ஏற்கெனவே பல கட்சிகள் இருக்கின்றன. எனக்கு இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல ஆசை இல்லை. ஒரு மகனும் தாயும் கோயில் கட்டிவிட்டு அதன் தரைக்குள்ளேயே படுத்துக்கொண்டார்கள். அது எனக்குப் போதும்.

வடக்கே ராயபுரம் போகிற வழியில் வேப்பேரியில் கொஞ்சம் நிற்க வேண்டும். பேத்ருஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வியாபாரி சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் 1726-ல் தம் சொந்தப் பணத்தில் பாலம் கட்டினார். பரங்கிமலைக்குப் படி கட்டினார். அந்தப் பாலம் போய் அதே இடத்தில் இப்போது மறைமலை அடிகள் பாலம் நிற்கிறது. உஸ்கான் 1751-ல் காலமானபோது வேப்பேரியில் தாம் ஆதரித்த மாதா கோயிலில் அடக்கமானார். அவரை அடக்கி ஒரு வருஷம் நிறைவதற்கு முன்னும் பின்னுமாக ஒரு விசித்திரம் நடந்தது. பிரெஞ்சுக்காரர்கள் 1746-ல் சென்னையைப் பிடித்ததற்குக் கத்தோலிக்கக் குருமார்கள் உடந்தை என்று இங்கிலீஷ்காரர்களுக்குச் சந்தேகம். ஊர் திரும்பக் கைக்கு வந்ததும், கோட்டைக்குள் இருந்த கத்தோலிக்கக் கோயிலை எடுத்துவிட்டார்கள். வேப்பேரிக் கோயிலைப் பிடுங்கி 1752-ல் புராட்டஸ்டண்டு பாதிரியாரான பப்ரீசியுஸிடம் கொடுத்துவிட்டார்கள். பப்ரீசியுஸ் தமிழுக்கு அகராதியும் பைபிள் மொழிபெயர்ப்பும் தந்த மகான். அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் கோயிலுக்குள் படுத்திருந்த உஸ்கானை யாரும் கேட்கவில்லை.

இனி ராயபுரம். கத்தோலிக்கர்கள் வெகு காலம் வேதத்துப் பெயர்களையெல்லாம் அழகான தமிழாக்கி வைத்திருந்தார்கள். பேதுரு ராயப்பர், பவுல் சின்னப்பர், லத்தீனில் அந்தப் பெயருக்குச் 'சிறியவர்' என்றே அர்த்தம், யோவான் அருளப்பர், யோசேப்பு சூசையப்பர். ராயப்பர் மீன்பிடிக்கிற வலையைப் போட்டுவிட்டு வந்தவர். ஆகையால் படகுக்காரர்கள் தங்களுக்கென்று கோயில் கட்டியபோது வேறு யாரைத் தேடுவார்கள்? ராயப்பர் ஊர் ராயபுரம் ஆயிற்று.

சென்னைக்குத் துறைமுகம் இல்லாத காலம் அது. கப்பல்கள் ஒரு மைலுக்கு அப்பால் நங்கூரம் போட்டு நிற்கும். கரைக்கும் கப்பலுக்கும் நடுவே மூன்று அடுக்கு அலை. கவர்னர் ஆனாலும் சரி, கவர்னருடைய பியானோ ஆனாலும் சரி, மசூலாப் படகில்தான் கரை ஏறியாக வேண்டும். அந்தப் படகில் ஆணி கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி அடித்த படகு அலை மோதினால் பிளந்துவிடும். தைத்த படகோ வளைந்து கொடுக்கும். பத்துப் பன்னிரண்டு பேர் பாட்டுப் பாடிக்கொண்டு துடுப்புப் போடுவார்கள். தவறி விழுந்தவர்களைத் தூக்கக் கட்டுமரங்கள் கூடவே போகும். நடு அலையில் நிறுத்தி அதிகக் கூலி கேட்டார்கள் என்று வெள்ளைக்காரப் பிரயாணிகள் இவர்களை வைதிருக்கிறார்கள். உயிரைக் கொடுத்துத் துடுப்புப் போடுகிறவன் பேரம் பேசுவதற்கு அதைவிட நல்ல இடம் எது என்று எனக்குத் தெரியவில்லை!

குருகுல வம்சத்தார் என்று தங்களைச் சொல்லிக்கொண்ட இந்தப் படகுக்காரர்கள் தங்கள் பணத்தில் எழுப்பியதுதான் ராயப்பர் கோயில். 1829 என்பது அதன் வருஷம். மேற்றிராணியாரும் கட்டித் தரவில்லை, கம்பெனியும் கட்டித் தரவில்லை. 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் இந்த ராயபுரத்திலிருந்துதான் புறப்பட்டது. ஊரே கூடி வேடிக்கை பார்த்த அந்த நாளில் படகுக்காரர்களும் போய்ப் பார்த்திருப்பார்கள். ரயிலினால் அவர்களுக்குக் கெடுதல் இல்லை. கெடுதல் தண்ணீர்ப் பக்கத்திலிருந்து வந்தது. 1875-ல் இங்கிலாந்து இளவரசர் செயற்கைத் துறைமுகத்துக்கு முதல் கல் வைத்தார். 1881 நவம்பர்ப் புயல் அதை உடைத்து எறிந்தது. மறுபடியும் கட்டினார்கள், இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் வாயிலையே மாற்றி அமைத்தார்கள். கப்பல் நேரே கரைக்கு வந்து ஒட்டிக்கொண்டது. தைத்த படகுக்கு வேலை போயிற்று.

அதோடு போகவில்லை. இந்தக் கடலில் மணல் வருஷத்தில் பெரும் பகுதி தெற்கிலிருந்து வடக்கே போய்க்கொண்டிருக்கும். துறைமுகச் சுவர் குறுக்கே நின்றதும் மணல் தெற்கே தங்கிவிட்டது. கிராண்ட் டப் என்ற கவர்னர் 'மெரினா' என்று நாமகரணம் செய்த கடற்கரை நாளுக்கு நாள் அகலமாயிற்று. வடக்கே ராயபுரத்துக் கரைக்கு மணல் வருவது நின்றது. கடல் அந்தக் கரையைக் கடித்துத் தின்னத் தொடங்கிற்று. பாறைகளைக் கொண்டுவந்து கொட்டிக் கொட்டித்தான் மிச்சத்தைக் காப்பாற்றியிருக்கிறார்கள். துறைமுகக் கட்டடத்தின் கதையைச் சொல்ல எத்தனையோ புத்தகங்கள் உண்டு. அலையைத் தாண்டிச் சென்னையைச் சுமந்தவர்களுக்கு இந்த ஒரு கோயிலும் ஒரு பேட்டையின் பெயரும்தான்.

நான் போனது ஒரு புதன்கிழமை பிற்பகல். பூசை இல்லை. கோயில் வாசல் நிழலில் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். முப்பாட்டன் காலத்தில் படகு வைத்திருந்தார்களாம். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினாராம். மகன் ஆட்டோ ஓட்டுகிறானாம். ஜூன் கடைசியில் ராயப்பர் திருநாளுக்கு வரச் சொன்னார். பிறகு, "சாருக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

"மயிலாப்பூர்" என்றேன்.

"சாயங்காலம் பீச்சுக்குப் போவீங்களா?"

"போவதுண்டு."

"காத்து நல்லா இருக்கும். எங்க மணலெல்லாம் அங்கதான் சார் இருக்கு" என்றார் பெரியவர்.